துறையும் பாலமும்
வாலிங்போட் என்னும் ஆற்றங்கரைச் சந்தைநகரின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர் வரிசையும் போர்க்களச் செய்திகளுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆயினும் நாடு என்பது ஊர்களின் தொகுதியேயாகும். ஓர் ஊர் ஓரிடத்தில் ஏன் தோன்றிற்று, எதனால் வளர்ந்தது, எதனால் தளர்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை தேடப் புகுவோர், மன்னனின் வாளினும் வண்டிக்காரனின் சக்கரம் வலிமை மிக்கதாய் இருந்த இடங்கள் பலவற்றைக் காண்பர். இங்கிலாந்தில் இத்தகைய ஆராய்ச்சி தனியொரு கல்வித்துறையாக மதிக்கப்படுகின்றது. 1948ஆம் ஆண்டில் லெஸ்டர்ப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில நாட்டு ஊர் வரலாற்றுக்கெனத் தனிப் பகுதி ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல்வராய் விளங்கிய ஹொஸ்கின்ஸ் என்னும் அறிஞர், ஏட்டுச் சான்றோடு வயல் வரம்பையும் வேலியையும் பாதையையும் சான்றாகக் கொள்ளவேண்டுமென வற்புறுத்தினார்.

அம்முறையில் ஆராய்தற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வாலிங்போட். ஒக்ஸ்போட் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 மைல் தொலைவில், நதியின் மேற்கரையில் அமைந்துள்ள சிறு சந்தைநகர் அது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த அரணூர்களுள் ஒன்றாய் இருந்த அஃது, எவ்வாறு பெருமையுற்றது, எவ்வாறு அப்பெருமையை இழந்தது, இழந்த பின்னும் எவ்வாறு அழியாது நின்றது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

பெயரும் இடமும்

இவ்வூர்ப் பெயரின் ஈற்றிலுள்ள போட் என்னும் சொல் கோட்டையைக் குறிப்பதன்று. ஆற்றினூடே மனிதரும் மாடும் வண்டியும் கால்நடையாகவே இறங்கிக் கடக்கத்தக்க ஆழமற்ற துறையை அச்சொல் குறிக்கும். ஒக்ஸ்போட் என்னும் பெயர் எருதுகள் கடக்கும் துறை எனப் பொருள்படுவதும் இவ்வாறேயாம். வாலிங்போட் என்பது வேல் என்பானின் மக்கள் வாழ்ந்த இடத்துத் துறை எனப் பொருள்படும் என்பர். அவ்வாட்பெயர், சாக்சன் மக்கள் தம்மினத்தவர் அல்லாத பழைய பிரித்தானியரைக் குறிக்க வழங்கிய சொல்லேயாகும். ஆகவே, பெயர் தோன்றிய காலத்தில் அவ்விடத்தின் சிறப்பாய் இருந்தது அரணுமன்று, சந்தையுமன்று. நீரைக் கடக்கலாம் என்னும் ஒன்றே அதன் சிறப்பாகும்.

தேம்ஸ் நதி மேற்கிலிருந்து கிழக்கே ஓடி இலண்டனை அடைவதாயினும், இவ்விடத்தில் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகின்றது. மேற்கரை சற்று மேடானது. கீழ்க்கரை தாழ்ந்து, மாரிக்காலத்தில் வெள்ளம் பரவும் புல்வெளியாய் உள்ளது. இவ்வமைப்பே ஊர் மேற்கரையில் எழுந்தமைக்கும், பிற்காலத்தில் கட்டப்பட்ட பாலம் ஆற்றின் அகலத்தினும் பன்மடங்கு நீண்டு ஏறத்தாழ 900 அடி நீளமுடையதாய் அமைந்தமைக்கும் காரணமாயிற்று.

அல்பிரட் மன்னனின் அரண்

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனிய மக்கள் படகுகளில் ஆறுகளின் வழியே உள்நாட்டில் நுழைந்து கொள்ளையிட்டு வந்தனர். அவர்களை எதிர்க்க வெசெக்ஸ் நாட்டு மன்னன் அல்பிரட் ஒரு திட்டம் வகுத்தான். தன் நாட்டு மக்கள் ஆபத்துக் காலத்தில் புகலிடம் தேடி அடையத்தக்க தொலைவில் அரணூர்களை அமைப்பதே அத்திட்டம். வாலிங்போட் அவ்வரணூர்களுள் ஒன்றாகும். மூன்று பக்கங்களில் அகழியும் மண்மேடும், நான்காம் பக்கத்தில் ஆறும் காவலாய் அமைந்தன. உள்ளே தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்லுமாறு ஒழுங்காக வகுக்கப்பட்டன.

இவ்வரணூர்களைப் பற்றிய பழைய பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. ஒவ்வோர் அரணின் பாதுகாப்புக்கும் எத்தனை 'ஹைட்' நிலம் ஒதுக்கப்பட்டது என்பதை அது கூறுகின்றது. ஹைட் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குப் போதுமெனக் கருதப்பட்ட நில அளவு. ஒரு ஹைட்டுக்கு ஒரு வீரன் வரவேண்டும். ஒரு கோல் நீளமுள்ள மதிலைக் காக்க நான்கு வீரர் வேண்டும் என்பது விதி. கோல் ஒன்று ஐந்தரை யார் நீளமுடையது. வாலிங்போட்டுக்கு 2400 ஹைட் குறிக்கப்பட்டுள்ளது. எனவே 2400 வீரர் 600 கோல், அதாவது 3300 யார் நீளமுள்ள அரணைக் காத்தல் கூடும். வெசெக்ஸின் தலைநகர் போன்று விளங்கிய வின்செஸ்டருக்கும் இதே 2400 ஹைட்டே குறிக்கப்பட்டுள்ளமை நோக்கற்பாலது. இன்று சிறு சந்தைநகராய் உள்ள இவ்வூர், அக்காலத்தில் வின்செஸ்டருக்கு நிகராகக் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அரண் இருந்தும் 1006ஆம் ஆண்டில் டேனியர் இவ்வூரை எரித்தனர். ஆயினும் துறையை எரிக்க எவராலும் இயலாதன்றோ! வழி இருந்த இடத்தில் ஊர் மீண்டும் எழுந்தது.

கோட்டையும் பட்டயமும்

1066ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் போரில் வெற்றிபெற்ற நோர்மண்டிக் கோமகன் வில்லியம், இலண்டனை நேரே தாக்காது சுற்றிவளைத்துச் சென்றான். படையோடு தேம்ஸைக் கடக்க அவன் தெரிந்துகொண்ட இடம் வாலிங்போட்டேயாகும். கன்ரபரித் தலைமைக்குரு ஸ்டிகன்ட் அவனுக்குப் பணிந்ததும் இங்கேயாம். தான் கடந்த துறையின் அருமையை நன்குணர்ந்த வில்லியம், அதனைக் காக்க ஒரு கோட்டை அமைக்கும்படி பணித்தான். ரொபேட் டொய்லி என்னும் தலைவன் 1067க்கும் 1071க்கும் இடையில் அதனை எழுப்பினான். 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏடு, எட்வேட் மன்னன் காலத்தில் அரசனுக்கு வரியிறுத்த மனைகள் இவ்வூரில் 276 இருந்தனவென்றும், கோட்டைக்காக எட்டு மனைகள் அழிக்கப்பட்டனவென்றும் கணக்கிடுகின்றது. நாணயம் அடிப்பவன் ஒருவன் இங்கு இருந்தமையையும் அவ்வேடு குறிக்கின்றது.

கோட்டையின் பெருமை உச்சநிலை அடைந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில். முதலாம் ஹென்றி 1135ஆம் ஆண்டில் இறந்தபின், அவன் மகள் மற்றில்டாவுக்கும் அவன் மருமகன் ஸ்டீபனுக்கும் முடியுரிமைப் போர் மூண்டது. வாலிங்போட் கோட்டைத் தலைவன் பிரையன் பிற்ஸ்கவுண்ட் மற்றில்டாவின் பக்கம் நின்றான். 1142ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒக்ஸ்போட் கோட்டையில் முற்றுகையிடப்பட்ட மற்றில்டா, வெண்பனி மூடிய இரவில் வெள்ளாடை போர்த்துத் தப்பி, உறைந்த ஆற்றைக் கடந்து, புகலிடமாக வந்தடைந்தது இக்கோட்டையையே. ஸ்டீபன் பலமுறை முற்றுகையிட்டும் இதனைக் கைப்பற்ற இயலவில்லை.

1153ஆம் ஆண்டில் மற்றில்டாவின் மகன் ஹென்றி படையுடன் வந்து, ஆற்றுக்கு இருபுறமும் இருதிறத்துச் சேனைகளும் எதிரெதிர் நின்றன. ஆனால் நீண்ட போரினால் களைத்த பிரபுக்கள் இரு பக்கத்திலும் போரிட மறுத்தனர். ஸ்டீபன் வாழும்வரை அவனே அரசன், அவனுக்குப்பின் ஹென்றி அரசன் என்னும் இணக்கம் அவ்வாண்டின் இறுதிக்குள் வின்செஸ்டரில் முடிவாயிற்று. அதற்கு வித்து வாலிங்போட்டின் ஆற்றங்கரையிலேயே இடப்பட்டமையால், வாலிங்போட் உடன்படிக்கை எனவும் அது வழங்கும். அடுத்த ஆண்டில் முடிசூடிய இரண்டாம் ஹென்றி, தன் உரிமையை அடைய இவ்வூரார் பட்ட பாட்டை மறந்தானல்லன். 1155ஆம் ஆண்டில் அவன் இவ்வூருக்கு ஒரு பட்டயம் அளித்தான்.

அப்பட்டயம் அளித்த உரிமைகளுள் இரண்டு இன்றியமையாதன. ஒன்று, ஊர் வணிகர் தமக்கெனச் சங்கம் அமைத்துத் தம் வாணிகத்தைத் தாமே ஒழுங்குபடுத்தலாம் என்பது. மற்றையது, அரசனின் ஆட்சிக்குட்பட்ட நாடெங்கும் அவர்கள் சுங்கமின்றிப் பொருள் கொண்டுசெல்லலாம் என்பது. இரண்டாவதன் அருமையை உணர அக்கால நிலையை நினைத்தல் வேண்டும். அந்நாளில் பாலந்தோறும், ஊர்வாயில்தோறும், சந்தைதோறும் சுங்கம் இறுக்கவேண்டியிருந்தது. மற்றையோர் இறுத்த சுங்கம் அவர்தம் பொருளின் விலையோடு கூடும். வாலிங்போட் வணிகன் அதனினும் மலிவாக விற்றும் ஊதியம் பெறுவான். மன்னனின் நன்றியறிதல் இவ்வாறு மக்களின் வருவாயாயிற்று.

செழித்த காலம்

பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகள் இவ்வூரின் பொற்காலம் எனலாம். ஆற்றின்மேற் பாலம் ஒன்று இருந்தமைக்கு 1141ஆம் ஆண்டளவிலேயே சான்றுண்டு; அடுத்த நூற்றாண்டுக்குரிய கல்வளைவுகள் சில இன்றும் அதில் நிற்கின்றன. இலண்டனிலிருந்து மேற்கே குளொஸ்டர் முதலிய இடங்களுக்குச் செல்லும் பயணிகள் இப்பாலத்தின் வழியே சென்றனர். 1231ஆம் ஆண்டில் கோட்டையைப் பெற்ற கோர்ன்வால் பிரபு ரிச்சட் அதனை அரண்மனைபோல் விரித்துக் கட்டினார். பெருங்குடும்பம் ஒன்று தங்கும் கோட்டைக்கு மாவும் இறைச்சியும் துணியும் இரும்பும் நாள்தோறும் வேண்டுமாதலின், சந்தைக்கு வாங்குவோர் குறைவுபடவில்லை.

ஊரினுள் பத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இருந்தன. பொற்கொல்லர் ஒழுங்கை, விறகுத் தெரு என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இன்று புனித மரியாள் தெருவாய் உள்ளது முன்னர் மீன் தெரு எனப்பட்டது. பெயர்களே சந்தையின் படமாய் அமைகின்றன. வணிக சங்கத்தின் உறுப்பினர் பெயர்களையும் ஊர் நீதிமன்ற நடவடிக்கைகளையும் கூறும் ஓலைபோன்ற தோற்சுருள்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பெருந்தொகையாய்க் கிடைத்துள்ளன. இத்துணைப் பழைமையான ஊர்ச் சுவடிகளை உடைய சிறுநகர்கள் இங்கிலாந்தில் மிகச் சிலவே.

இவ்வூர் தந்த பெரியாருள் ஒருவர் இக்காலத்தின் இறுதியைச் சார்ந்தவர். 1292ஆம் ஆண்டளவில் இங்கு ஒரு கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்த ரிச்சட், பத்து வயதளவில் தந்தையை இழந்தார். ஊரிலிருந்த துறவிமடத்தின் தலைவர் அவரை ஏற்று வளர்த்து, ஒக்ஸ்போட்டுக்கு அனுப்பிக் கல்வி கற்பித்தார். பிற்காலத்தில் சென் ஓல்பன்ஸ் மடத்தின் தலைவராய் உயர்ந்த அவர், ஞாயிறு திங்களின் இயக்கத்தையும் கிரகணங்களையும் காட்டும் அரிய மணிக்கூடு ஒன்றை வகுத்தார். மடத்துத் தேவாலயம் பழுதுற்றிருக்க மணிக்கூட்டுக்குப் பொருள் செலவிடுவதேன் என மூன்றாம் எட்வேட் மன்னன் வினவியபோது, தேவாலயத்தைத் திருத்தப் பின்வரும் தலைவர் பலர் உளர், தொடங்கிய இக்கருவியை முடிக்க வல்லார் பிறர் இலர் என அவர் விடையிறுத்தார் என்பது வரலாறு. கொல்லன் மகன் ஒருவன் நாட்டின் தலைசிறந்த கணித அறிஞனாதற்கு வழிசெய்தது, சந்தையின் செல்வத்தால் மடமும் கல்வியும் வளர்ந்திருந்த ஓர் ஊரேயன்றோ!

அயலூர்ப் பாலம்

ஆயினும் பதினான்காம் நூற்றாண்டிலேயே தளர்ச்சியின் அடையாளங்கள் தோன்றிவிட்டன. ஒக்ஸ்போட், ரெடிங், அபிங்டன் ஆகிய அயல்நகர்களின் சந்தைகள் வளர்ந்து வாணிகத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1348, 1349ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தைப் பாழ்படுத்திய பெருங்கொள்ளைநோய் இவ்வூரையும் வருத்திற்று. நோயும் போட்டியும் தளர்த்திய ஊருக்கு அடுத்த இடர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ளது அபிங்டன். அங்கு ஆற்றைக் கடப்போர் ஓடத்தையே நம்பியிருந்தனர். வெள்ளக் காலத்தில் கடத்தல் இயலாது. கடக்க முயன்றோர் சிலர் உயிர் துறந்தனர். இத்துன்பத்தைப் போக்க விரும்பிய அவ்வூர்த் திருச்சிலுவைச் சங்கத்தார், ஐந்தாம் ஹென்றி மன்னனின் அனுமதி பெற்று, 1416ஆம் ஆண்டில் பாலம் கட்டத் தொடங்கினர். ஜெப்ரி பாபர் என்னும் செல்வ வணிகர் பெரும்பொருள் உதவினார். ஊரார் கல்சுமந்தும் மண்வெட்டியும் உழைத்தனர். அபிங்டனில் ஒன்றும் கல்ஹம் என்னுமிடத்தில் ஒன்றுமாக இரு பாலங்களும், தாழ்ந்த நிலத்தின்மேல் அவற்றை இணைக்கும் மேட்டுப்பாதையும் எழுந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூர் இரும்பு வணிகர் ஒருவர் அத்திருப்பணியைப் பாராட்டி ஆங்கிலத்திற் செய்யுள் ஒன்று இயற்றினார். அது அங்குள்ள தருமசாலையிற் பாதுகாக்கப்பட்டது.

அபிங்டனார் செய்தது அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வறத்தின் விலையை இறுத்தது வாலிங்போட். இலண்டனிலிருந்து மேற்கே செல்வோருக்கு டோர்செஸ்டர் வழியாக அபிங்டனை அடையும் பாதை குறுகியது. பாலம் இல்லாதவரை அப்பாதையின் குறுக்கம் பயன்படவில்லை. பாலம் அமைந்தவுடன் வண்டிகள் அவ்வழியே திரும்பின. எவரும் வாலிங்போட்டைப் பகைத்தாரல்லர். அதன் சந்தையை மூடுமாறு எவரும் ஆணையிட்டாரல்லர். வண்டிக்காரர் அண்மையான வழியைத் தெரிந்துகொண்டனர், அவ்வளவே. மன்னன் அளித்த பட்டயம் பெட்டகத்திற் பத்திரமாய் இருந்தது. சுங்கமின்றிப் பொருள் கொண்டுசெல்லும் உரிமையும் இருந்தது. வாங்குவோரை அழைத்துவரும் உரிமையை மட்டும் எப்பட்டயமும் அளிக்கவில்லை.

பாலம் ஒன்றையே வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. முன்னரே மெலிந்திருந்தவனுக்கே சிறு காய்ச்சலும் பெருநோயாகும். வாலிங்போட்டின் நிலையும் அத்தகையதே. பதினைந்தாம் நூற்றாண்டில் தேவாலயங்களின் தொகை நான்காகக் குறைந்தது. 1520களில் கர்தினால் வூல்சி துறவிமடத்தைக் கலைத்தார். கோட்டையிலும் அரச குடும்பத்தார் தங்குதல் ஒழிந்தது. முதலாம் மேரி அரசியின் காலத்தில் அதன் கற்களும் ஈயமும் வின்சர் மாளிகை வேலைக்கெனக் கொண்டுசெல்லப்பட்டன.

கோட்டையின் முடிவு

பதினேழாம் நூற்றாண்டில் மன்னன் சார்ல்ஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, இடிந்த கோட்டை மீண்டும் உயிர்பெற்றது. கேணல் தோமஸ் பிளாக் என்னும் தலைவர் மன்னனுக்காக அதனைப் பழுதுபார்த்துக் காத்தார். பாலத்தின் வளைவுகள் சில அகற்றப்பட்டு, வேண்டியபோது தூக்கிவிடத்தக்க இழுவைப்பாலம் அங்கு அமைக்கப்பட்டது. 1646ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மன்னனின் தலைமையிடமாய் இருந்த ஒக்ஸ்போட்டே சரணடைந்தது. அதன்பின்னும் ஒரு மாதம் எதிர்த்து நின்ற வாலிங்போட், ஜூலை மாத இறுதியிலேயே பணிந்தது. இத்தகைய கோட்டை மீண்டும் எதிரியின் கையிற் சேர்தல் தகாதெனக் கருதிய ஆட்சியாளர், 1652ஆம் ஆண்டில் அதனை இடித்துத் தள்ளினர். முற்றுகையின்போது புனித பேதுரு தேவாலயமும் அழிந்தது.

மற்றில்டாவின் காலத்தில் ஊருக்குப் பெருமை தேடித்தந்த கோட்டை, இம்முறை அழிவையே தேடித்தந்தது. ஆயினும் போர் ஓய்ந்து ஒரு தலைமுறை கழியுமுன் ஊரார் செய்தது குறிப்பிடத்தக்கது. 1670ஆம் ஆண்டில் அவர்கள் சந்தை முற்றத்தில் ஒரு நகர மண்டபம் கட்டினர். மேல்மாடியில் ஊர் மன்றம் கூடும். கீழே தூண்களுக்கிடையில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி வணிகர் பொருள் விற்பர். கோட்டை மறைந்த ஊரில் சந்தையே நடுவிடம் பெற்றது. அம்மண்டபம் இன்றும் அவ்விடத்திலேயே நிற்கின்றது.

சட்டஅறிஞர் கண்ட வழி

ஆங்கிலச் சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்த பெயர் வில்லியம் பிளாக்ஸ்டன். 1758ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் ஆங்கிலச் சட்டத்துக்கென நிறுவப்பட்ட முதற் பேராசிரியர் பதவியை ஏற்றவர் அவர். 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாய் வெளிவந்த சட்ட விளக்கநூலின் ஆசிரியர். 1749ஆம் ஆண்டு முதல் வாலிங்போட்டின் நகர நீதியதிகாரியாய் விளங்கிய அவர், பின்னர் அவ்வூரிலேயே இல்லம் அமைத்து வாழ்ந்தார். அழிந்த புனித பேதுரு தேவாலயம் மீண்டும் எழுதற்கு உதவினார். 1780ஆம் ஆண்டில் இறந்தபோது அத்தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நூல் எழுதியமையாற் பெற்ற புகழ் ஒருபுறமிருக்க, ஊர் வரலாற்றில் அவர் பெறும் இடம் வேறொன்றாலாகும். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் வழி திரும்பியதனால் ஊர் தளர்ந்தது என்பதை உணர்ந்தார் போல, வழியை மீண்டும் ஊருக்குத் திருப்ப அவர் முயன்றார். அக்காலத்தில் பாராளுமன்றச் சட்டத்தின்படி குழுக்கள் அமைந்து, வழிச்செல்வோரிடம் கட்டணம் பெற்று, அப்பணத்தால் பாதைகளைத் திருத்தி வந்தன. அம்முறையில் இரு பாதைகள் வாலிங்போட்டின் வழியே அமைய அவர் பெரிதும் உழைத்தார். ஒன்று, சற்று மேற்புறத்திலுள்ள ஷிலிங்போட்டில் புதுப்பாலம் அமைத்து, ஒக்ஸ்போட்டையும் ரெடிங்கையும் இணைத்தது. மற்றையது மேற்கே வொன்டேஜ் நகரை நோக்கிச் சென்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரின் முதன்மைத் தொழிலாய் வளர்ந்தது மோல்ற் செய்தல். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, தரையிற் பரப்பி முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூளையில் உலர்த்துவதே அத்தொழில். பியர் என்னும் பானம் வடிக்க அதுவே மூலப்பொருள். சுற்றுவட்டாரத்துச் சுண்ணக்கல் நிலம் வாற்கோதுமைக்கு ஏற்றது. திருத்திய பாதைகள் தானியத்தைக் கொணர்ந்தன. முடிந்த சரக்கை இலண்டனுக்குக் கொண்டுசெல்லப் படகுகள் ஆற்றில் நின்றன. துறையாற் பிறந்த ஊர், பாதையும் ஆறும் மீண்டும் ஒருங்கு கூடியபோது வாழ்வு பெற்றது.

இருப்புப்பாதையும் பின்னரும்

பாலத்துக்கு 1809ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தாற் சேதம் நேர்ந்தது. ஊரார் ஆற்றின்மேலுள்ள பகுதியை மூன்று அகன்ற வளைவுகளாகப் புதுக்கிக் கட்டினர். ஆயின் அடுத்த அடி வெள்ளத்தால் வந்ததன்று. இலண்டனையும் பிறிஸ்டலையும் இணைக்கும் பெரும் புகையிரதப் பாதை 1840ஆம் ஆண்டில் இப்பகுதியை அடைந்தபோது, வாலிங்போட்டுக்கு ஏறத்தாழ மூன்று மைலுக்கு அப்பாற் சென்றது. 1416ஆம் ஆண்டின் கதை வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது. கிளைப்பாதை ஒன்று 1866ஆம் ஆண்டில் ஊரை வந்தடைந்தது. ஆற்றைக் கடந்து வொட்லிங்டன் நகர்வரை செல்வதே அதன் அமைப்பாளரின் நோக்கம். ஆனால் பொருள் போதாமையால் அஃது ஆற்றைக் கடவாமலே நின்றுவிட்டது. எல்லோரும் கடந்துசெல்லும் இடமாய்ப் பிறந்த ஊர், இப்போது பாதை முடியும் இடமாயிற்று.

ஊரின் அரசியற் செல்வாக்கும் படிப்படியாய்க் குறைந்தது. நெடுங்காலமாகப் பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிய இவ்வூர், வாக்குக்குக் கையூட்டுப் பெறும் ஊர்களுள் ஒன்றெனப் பழியும் பெற்றிருந்தது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் ஒருவரையே அனுப்பிற்று. 1885ஆம் ஆண்டில் அத்தனியுரிமையும் ஒழிந்தது. கிளைப்பாதையிற் பயணிகள் சேவை 1959ஆம் ஆண்டில் நின்றது. மோல்ற் ஆலைக்கெனச் சென்ற சரக்கு வண்டிகள் 1981ஆம் ஆண்டுவரை ஓடின. 1974ஆம் ஆண்டில் மாவட்ட எல்லைகள் மாற்றப்பட்டபோது, ஆயிரம் ஆண்டாகப் பார்க்ஷயரைச் சேர்ந்திருந்த ஊர் ஒக்ஸ்போட்ஷயரிற் சேர்ந்தது.

துப்பறியும் கதைகளால் உலகப் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி, இந்நகரை அடுத்த வின்டர்புறுக்கில் 1934ஆம் ஆண்டில் இல்லம் வாங்கி, 1976ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தார். ஆரவாரமின்றி வாழ விரும்பிய எழுத்தாளர் ஒருவருக்கு ஏற்ற இடமாய் அமையுமளவுக்கு அவ்வூர் அமைதியுற்றிருந்தது.

தளர்ச்சியின் பயன்

தளர்ச்சியும் ஒருவகையில் நன்மை செய்தது. வளர்ந்த நகர்களில் பழைய மதில்களை இடித்தும் அகழிகளைத் தூர்த்தும் புதுக்கட்டடங்கள் எழுந்தன. வாலிங்போட்டுக்கு அத்தகைய வளர்ச்சி வாய்க்கவில்லை. அதனால் அல்பிரட் காலத்து மண்ணரண் பெரும்பகுதியும், அரணுக்குள் வெளியாய்க் கிடக்கும் புல்தரைகளும், தெருக்களின் பழைய அமைப்பும் இன்றும் நிலைபெற்றுள்ளன. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இந்நூற்றாண்டில் இவ்வூரை ஆண்டுகள் பல ஆராய்ந்து, தம் முடிவுகளை 2013ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். சாக்சன் கால அரணூர் ஒன்று எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவோர் நாடிச் செல்லும் இடங்களுள் வாலிங்போட் முன்னிற்கின்றது. செல்வம் அழித்துவிடக்கூடியதை வறுமை காத்துவைத்தது.

ஈற்றில் ஒரு செய்தி. இருபதாம் நூற்றாண்டில் இயந்திர வண்டிகள் பெருகியபோது, பழைய குறுகிய பாலமும் ஊரின் நடுத்தெருவும் அவற்றைத் தாங்கமாட்டாது நெருக்குண்டன. ஊரைச் சுற்றிச் செல்லும் புதுப்பாதையும், தெற்கே வின்டர்புறுக்கில் ஆற்றைக் கடக்கும் புதுப்பாலமும் 1993ஆம் ஆண்டில் அமைந்தன. 1416ஆம் ஆண்டில் வண்டிகள் விலகிச் சென்றமை ஊருக்கு இடராயிற்று. 1993ஆம் ஆண்டில் வண்டிகள் விலகிச் செல்வதற்கே வழி வகுக்கப்பட்டது. வேண்டாதோர் விலகிச் செல்வதும், வேண்டியோர் வந்து சேர்வதும் ஆகிய இரண்டுக்கும் இடமளிக்கும் நிலையை ஊர் இப்போதுதான் அடைந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தை இன்றும் கூடுகின்றது.

அரண் எரிந்தது, கோட்டை இடிந்தது, மடம் கலைந்தது, பாராளுமன்ற உரிமை போயிற்று. இவை யாவும் மன்னராலும் ஆட்சியாளராலும் வந்தவை, அவர்களாலேயே போயின. மன்னர் எவரும் அளியாத துறை மட்டும் எஞ்சிற்று. அதன்மேற் பாலமும், பாலத்தின் அருகே சந்தையும் எஞ்சின. ஆகவே ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கு ஆண்டவர் எவர் என வினவுமுன், அவ்வூருக்கு வந்தவர் எவ்வழியால் வந்தனர், எதற்காக வந்தனர், எக்காலத்தில் வேறு வழி நாடினர் என வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய விடையிலேயே ஊரின் உயிர்நிலை அடங்கியுள்ளது.